கேட்கிற மனசு

குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்துக் கூலியாட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில், சுப்புத்தாய் வாயைத் திறந்தால் பக்கத்து அறைக் கதவுகள் சாத்திக்கொள்ளும் என்று சொல்லுவார்கள். கெட்டவள் இல்லை. யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் கஞ்சி கொண்டு போகிறவள் அவள்தான். ஆனால் கலயத்தைக் கீழே வைப்பதற்குள், "மழையில நனையாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?" என்று ஆரம்பித்துவிடுவாள். அதற்குப் பிறகு அந்தக் கஞ்சி யாருக்கும் தொண்டையில் இறங்காது.

ரயில் இன்னும் போடிக்கு வராத காலம். மலையில் விளைந்த ஏலக்காய் பொதிமாடுகளின் முதுகில்தான் இறங்கியது. சுப்புத்தாயின் புருஷன் திருப்பதி அந்த மாடுகளை ஓட்டிக்கொண்டு வாரந்தோறும் போடிக்குப் போய் வருவான். அதிகம் பேசாதவன். பேச அவனுக்கு வீட்டில் இடம் கிடைக்கவில்லை என்று லயத்தில் கேலி செய்வார்கள். கல்யாணமாகி வெகுகாலம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. பிறகு ஒன்று வந்தது. ஆனால் அது சுப்புத்தாய் பெற்றதல்ல.

ஓர் ஐப்பசி மழையில் மலைக்காய்ச்சல் லயத்துக்குள் புகுந்தது. கடைசி அறையில் ராசிங்காபுரத்திலிருந்து வேலைக்கு வந்த இளம் ஜோடி ஒன்று இருந்தது. புருஷன் முதலிலேயே போய்விட்டான். பெண்டாட்டி மூக்கம்மாள் நினைவில்லாமல் கிடந்தாள். பக்கத்தில் பால் மறக்காத பெண்குழந்தை. கீழேயிருந்து அவளுடைய அண்ணன் ஆள் கூட்டி வந்து, மூங்கிலில் கம்பளியைத் தூளியாகக் கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

"காய்ச்சக்காரியோட சேத்துக் கொண்டு போனா பிள்ளை வழியிலேயே போயிரும். நீ வச்சிரு தாயி. அவ எந்திரிச்சதும் வந்து வாங்கிக்கிறோம்" என்று குழந்தையைச் சுப்புத்தாயின் கையில் கொடுத்தான்.

யாரும் வரவில்லை. தை பிறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆள் ஒருவன் மலைக்கு வந்தான். மூக்கம்மாள் பிழைக்கவில்லை என்று சொன்னான். சுப்புத்தாய் அன்று மனசார அழுதாள். அழுது முடித்துக் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்தபோது, இனி இது என்னுடையது என்ற நினைப்பும் வந்தது. அது இனித்தது. இனித்ததே என்று கூசவும் செய்தது.

ஆட்டுப்பாலில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். குழந்தை தவழ்ந்தது, நடந்தது, சுப்புத்தாயின் குரலிலேயே கோழியை அதட்டப் பழகியது. பெற்றவள் வைத்த பேர் அய்யம்மாள். பின்னால் திருப்பதியும் சுப்புத்தாயும் வேதத்தில் சேர்ந்து ஞானஸ்நானம் வாங்கியபோது, பிள்ளைக்குக் கிருபை என்று பேர் வைத்தார்கள். லயத்தில் எல்லோருக்கும் அந்தப் பேர்தான் வாயில் நின்றது.

அவர்களை வேதத்துக்குக் கொண்டுவந்தவள் சந்திரவல்லி. போடியில் இருந்து மாதம் ஒருமுறை பொதிமாடுகளின் பின்னால் நடந்தே மலையேறி வருவாள். சுப்புத்தாயைவிட இளையவள். புருஷனைச் சின்ன வயதில் பறிகொடுத்தவள். மாட்டுக்குப் பயப்படுவாள், அட்டைக்கு அதைவிடப் பயப்படுவாள். காலில் ஓர் அட்டை ஏறிவிட்டால் அவள் போடும் கூச்சலில் காடே திரும்பிப் பார்க்கும். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்ததற்கு முதலில் வேதம் காரணமில்லை, அந்தக் கூச்சல்தான். ஆனால் அவள் புத்தகத்தைப் பிரித்துக் கதை சொல்ல ஆரம்பித்தால், ஏலக்காய் உலர்த்துகிற கொட்டகையின் சூட்டில் உட்கார்ந்திருந்த எல்லோரும் ஈரச்சேலையை மறந்து கேட்பார்கள்.

ஒருநாள் சாலொமோன் ராஜா கண்ட கனவைச் சொன்னாள்.

"வாலிப ராஜா. அப்பன் இருந்த இடத்துல புதுசா உக்காந்திருக்கான். சாமி கனவுல வந்து, உனக்கு என்ன வேணுமோ கேளுங்கிறாரு. நீங்களா இருந்தா என்ன கேப்பீங்க?"

"அட்டை இல்லாத காடு" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சந்திரவல்லியைப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்து அறைக் கருத்தம்மாள், "எம்மக சொகமாப் பெத்துப் பொழைக்கணும்" என்றாள். சுப்புத்தாய் மடியில் இருந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, "நான் கேக்குறதுக்கு என்ன இருக்கு?" என்றாள்.

"அவன் கேட்டது கேக்குற மனசு" என்றாள் சந்திரவல்லி. "ஆளுக சொல்றதைக் காது குடுத்துக் கேட்டு, நல்லது எது, பொல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்குற மனசு."

"ராஜாவுக்கு எதுக்குடி அது? அவன் சொன்னா ஊரே கேக்கப் போகுது" என்றாள் சுப்புத்தாய்.

"அதுக்குத்தான்க்கா. சொல்றதுக்கு அவன்கிட்ட அதிகாரம் இருந்துச்சு. கேக்குறதுக்குத்தான் ஒண்ணும் இல்லாம நின்னான்."

முந்தின மாதம்தான் சுப்புத்தாய் கருத்தம்மாளைக் கோழி திருடி என்று லயமே கேட்கத் திட்டியிருந்தாள். கருத்தம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் குரலை உயர்த்தி அமுக்கினாள். காணாமல் போன கோழி, சில வாரம் கழித்து, புதருக்குள்ளிருந்து குஞ்சுகளோடு தானாக வந்து நின்றது. சுப்புத்தாய்க்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கருத்தம்மாளின் வாசலில் இரண்டு குஞ்சுகளைக் கூடையால் மூடி வைத்துவிட்டு வந்துவிட்டாள். கருத்தம்மாள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் குத்தியது.

பெண்கள் கலைந்த பிறகு அவள் சந்திரவல்லியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ராஜா கேட்டதை நான் கேட்டாத் தருவாரா?"

"தருவாருக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

சந்திரவல்லி புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். "நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் முழுசா வரல. ஆனா முன்ன இருந்த மாதிரியும் நான் இல்ல. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்."

அன்றிலிருந்து சுப்புத்தாய் தினம் அதைக் கேட்டு ஜெபம் பண்ணினாள். ஜெபம் பண்ணிவிட்டு வெளியே வந்தால் நாக்கு பழையபடிதான் ஓடியது. கடைசியில் தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். யாராவது பேச வந்தால், உதிர்ந்து வெடித்த ஏலக்காய் ஒன்றை வாயில் போட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். எதிராளி பேசி முடிக்கும்வரை அதைக் கடிக்கக்கூடாது என்று தனக்குத்தானே கட்டளை. கன்னம் புடைத்துக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பாதி நாள் ஏலக்காய் நொறுங்கிவிடும். மீதி நாள், அவளுக்கே ஆச்சரியமாக, மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிய வந்தது. ஊமை என்று நினைத்திருந்த திருப்பதி மாடுகளைப் பற்றி அத்தனை கதை வைத்திருந்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

கிருபைக்கு ஐந்து வயது நடக்கும்போது, காய் எடுப்புத் தொடங்கிய ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயத்து வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கண்டாங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள். கால் இரண்டிலும் அட்டை கடித்து ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த கிருபையையே பார்த்தாள்.

சுப்புத்தாய்க்கு அவள் பேசுவதற்கு முன்பே ஆளைத் தெரிந்துவிட்டது.

"அக்கா, நான் மூக்கம்மா. ராசிங்காபுரம்..."

"அவ செத்து எத்தனையோ வருசமாச்சு."

"சாகலக்கா. எங்கண்ணன்தான்... எம்பிள்ளை உங்ககிட்ட..."

"அந்தப் பிள்ளையும் அந்தக் காய்ச்சல்லயே போயிருச்சு" என்றாள் சுப்புத்தாய். குரல் நடுங்கவில்லை. "இது நான் பெத்தது. போ, வேற எங்கயாச்சும் போயிப் பாரு."

மூக்கம்மாள் பக்கத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கருத்தம்மாளைப் பார்த்தாள். "அக்கா, நெசமா?"

கருத்தம்மாளின் கைகள் நின்றன. சுப்புத்தாயின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு சுளகைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

மூக்கம்மாள் மறுபடி பிள்ளையைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை, தர்க்கம் செய்யவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. பிறகு வந்த வழியே இறங்கிப் போனாள்.

பொழுது சாய மாடுகளோடு வந்த திருப்பதியிடம் சுப்புத்தாய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டான்.

"நான் செஞ்சது சரிதானே? நீயே சொல்லு."

"எனக்கும் அவ வேணும்" என்றான் திருப்பதி. கிருபை அவன் முதுகில் சாய்ந்து அவனுடைய தலைப்பாகைத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "அதனால என்கிட்டக் கேக்காதே. நான் சொல்றது சரியா இருக்காது."

மறுநாள் காலையில் தலைவாரிவிடும்போது கிருபை கேட்டாள்:

"ஆத்தா, நேத்து வந்த அத்தை கால்லே ரத்தம் வந்துச்சுல்ல?"

"ஆமா."

"எல்லாருக்கும் நீதானே சுண்ணாம்பு வைப்பே. அவுகளுக்கு ஏன் வைக்கல?"

சுப்புத்தாய் சீப்பைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். பிள்ளை திரும்பிப் பார்த்து, "மறந்துட்டியா?" என்றது.

"ஆமா தாயி. மறந்துட்டேன்."

காட்டுக்குப் போய்ச் செடியின் அடியில் குனிந்து காய் எடுக்கும்போது கை மட்டும் வேலை செய்தது. சந்திரவல்லி பலமுறை சொன்ன இன்னொரு கதை நினைவுக்கு வந்தது. அதே ராஜாவின் முன்னால் ஒரு பிள்ளைக்காக இரண்டு பெண்கள் வழக்காடி நின்றார்கள். பிள்ளையை இரண்டாக வெட்டுங்கள் என்று ராஜா சொன்னதும், ஐயோ வேண்டாம், அவளுக்கே கொடுத்துவிடுங்கள் என்று கதறியவள்தான் தாய் என்று தீர்ப்பானது. அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் சுப்புத்தாய், நானும் அப்படித்தான் கதறியிருப்பேன் என்று நினைத்துக்கொள்வாள். நினைத்துப் பெருமைப்படுவாள். நேற்று வாசலில் அவள் கதறவில்லை, பொய் சொன்னாள். ஒன்றும் சொல்லாமல் அழுதுகொண்டு திரும்பிப் போனவள் மற்றவள்.

உடனே இன்னொரு நினைப்பும் வந்தது. கங்காணியைக் கூட்டி நியாயம் கேட்டால், பிள்ளை என்னைத்தான் ஓடிவந்து கட்டிக்கொள்ளும். அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னாலும், பிள்ளை போகாது. நல்ல பேரும் எனக்கு, பிள்ளையும் எனக்கு. இதை நினைத்த மாத்திரத்தில் சுப்புத்தாய்க்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. 'சாமி, நான் கேட்டது இந்த மனசு இல்லையே' என்று செடிக்கடியில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள்.

பக்கத்துச் செடியில் இருந்த கருத்தம்மாள் எழுந்து வந்தாள்.

"கீழே போறியா?"

சுப்புத்தாய் தலையை ஆட்டினாள்.

"போ. பிள்ளையை நான் பாத்துக்கிறேன். அவ கால் இருந்த இருப்புக்குக் குரங்கணியைத் தாண்டிப் போயிருக்க மாட்டா."

"நேத்து அவ உன்னைக் கேட்டாளே. நீ ஏன் உண்மையைச் சொல்லல? என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாமே. கோழிக்குப் பேசுன பேச்சுக்கு..."

"நீயே சொல்லிருவேன்னு நெனச்சேன்" என்றாள் கருத்தம்மாள். "முந்தி இருந்த சுப்புத்தாயா இருந்தா நெனச்சிருக்க மாட்டேன். வெரசாப் போ, மழை வருது."

கருத்தம்மாள் சொன்னது சரி. குரங்கணியில் ஆற்றங்கரை மாமரத்தடியில் மூக்கம்மாள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. சுப்புத்தாயைப் பார்த்ததும் எழ முயன்றாள், முடியவில்லை.

சுப்புத்தாய் ஆற்றில் துணியை நனைத்துக் கொண்டுவந்து அவளுடைய கால்களைத் துடைத்தாள். மடியில் இருந்த சுண்ணாம்பை ஒவ்வொரு கடிவாயிலும் தொட்டு வைத்தாள். மூக்கம்மாள் எரிச்சலில் உதட்டைக் கடித்தாள். எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

"நான் நேத்துச் சொன்னது பொய்" என்றாள் சுப்புத்தாய். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. "அது உம்பிள்ளைதான்."

மூக்கம்மாளின் கால் அவள் கையிலிருந்து விலகியது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வெகுநேரம் உடம்பு குலுங்கியது. சுப்புத்தாய்க்கு ஏதேதோ சொல்லவேண்டும் போல இருந்தது. ஊர் சொன்னதை நம்பினேன், ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தேன், நீ எங்கே போயிருந்தாய், இப்போது எதற்கு வந்தாய் என்று வார்த்தைகள் முட்டின. வாயில் ஏலக்காய் இல்லை. ஆனாலும் பேசாமல் இருந்தாள்.

பிறகு மூக்கம்மாள் பேசினாள். காய்ச்சல் தெளிந்து எழுந்ததும் முதலில் பிள்ளை எங்கே என்றுதான் கேட்டாளாம். மலைக்கு மறுபடி போனால் தங்கச்சியும் செத்துப்போவாள் என்று பயந்த அண்ணன், பிள்ளை இறந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். அவளைத் தேடி யாரும் வந்துவிடக்கூடாது என்று, மலைக்குப் போகிறவனிடம் இவளும் பிழைக்கவில்லை என்று சொல்லியனுப்பியதும் அவன்தான். பிறகு குடும்பத்தோடு சிலோனுக்குக் கப்பலேறினான். தேயிலைத் தோட்டத்தில் வேலை. போன மாசி மாதம் அண்ணன் படுக்கையில் விழுந்தான். சாகிறதுக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னான்.

"எனக்குப் பால் லேசுல நிக்கலக்கா" என்றாள் மூக்கம்மாள். "காய்ச்சல் விட்டதும் சுரந்துச்சு. சிலோன் போயும் கொஞ்ச நாள் வந்துச்சு. செத்த பிள்ளைக்கு எதுக்கு வருதுன்னு, லயத்துக்குப் பின்னால போயி மண்ணுல பீச்சி விடுவேன். மண்ணை மூடி விட்டுட்டு வருவேன். அது உசுரோடதான் இருக்குன்னு எம்மாருக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

சுப்புத்தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிக்க வந்த திருடி என்றுதான் அவளைப் பார்த்துப் பயந்திருந்தாள். இவ்வளவு நேரம் கேட்டதில் அந்தத் திருடி எங்கேயோ போய்விட்டாள்.

"பிள்ளை எனக்கு வேணும்க்கா" என்றாள் மூக்கம்மாள். "உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன். பாத்துட்டுப் போறேன்னு சொல்ல என்னால முடியாது."

"வேணும்தான்" என்றாள் சுப்புத்தாய். "எனக்கும் வேணும். எந்திரி, ரெண்டு பேரும் போவோம்."

ஏறும்போது மூக்கம்மாள் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கம்பளியின் ஒரு பாதி இவள் தலையிலும் மறுபாதி அவள் தலையிலுமாக நனைந்துகொண்டே ஏறினார்கள்.

லயத்துக்கு வந்ததும் கிருபை தாவி வரவில்லை. சுப்புத்தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அத்தைக்குச் சுண்ணாம்பு வச்சியா?" என்று மட்டும் கேட்டாள். "அய்யம்மா" என்று மூக்கம்மாள் அழைத்தபோது, யாரைக் கூப்பிடுகிறாள் என்று சுற்றிப் பார்த்தாள். மூக்கம்மாள் சிரித்தபடி அழுதாள்.

அந்த மாதம் சந்திரவல்லி வந்தபோது சுப்புத்தாய் அவளைக் கொட்டகைக்குள் இழுத்துப்போய், மூக்கம்மாளையும் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு வேதம் தெரியும். நீ தீர்ப்புச் சொல்லு, நாங்க கட்டுப்படுறோம்" என்றாள்.

சந்திரவல்லி முழுக்கதையையும் கேட்டாள். "எனக்குத் தெரியலக்கா" என்றாள். "நான் படிச்சுக் காட்டுற ஆளு. ராஜா இல்ல. அந்தக் கதையில ஒருத்தி பொய்க்காரி, ஒருத்தி தாய். இங்க ரெண்டு பேரும் தாயா உக்காந்திருக்கீங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அடுப்பில் விறகு வெடித்தது. சந்திரவல்லிக்கு ஜெபம் பண்ணவும் வார்த்தை வரவில்லை. "எங்களுக்குக் காட்டும் சாமி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாள்.

முதலில் பேசியவள் மூக்கம்மாள். "அவளுக்கு என்னைத் தெரியாது. தெரியாத ஒருத்தி தூக்கிட்டுப் போனா, எங்கண்ணன் செஞ்சது மாதிரிதான் இருக்கும். காய் எடுப்பு முடியுற வரைக்கும் நான் இங்கயே சோலி பாக்குறேன். பிள்ளை பழகட்டும்."

"பழகினதும்?" என்றாள் சுப்புத்தாய்.

"அப்ப கூட்டிட்டுப் போறேன். மறுபடி காய்ச்சக்காலம் வந்தா, இந்த மலையில பிள்ளையை வச்சிருக்க எனக்கு மனசு துணியாதுக்கா."

சுப்புத்தாய்க்கு இதற்கு மறுப்புச் சொல்ல எத்தனையோ இருந்தது. ஆனால் மூக்கம்மாள் புருஷனை இழந்ததும் இதே காய்ச்சலில்தான் என்பது நினைவுக்கு வந்தது. "சரி" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவள் பட்ட பாடு, பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்த சந்திரவல்லிக்குத்தான் தெரியும்.

மூக்கம்மாள் அதே கடைசி அறையில் குடியிருந்தாள். நாட்கள் எளிதாகப் போகவில்லை. பிள்ளைக்கு இடி என்றால் பயம், போர்வைக்குள் இழுத்துக் காதைப் பொத்தினால்தான் அடங்கும் என்பதைச் சுப்புத்தாய் வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தாள். ஒருநாள் மாலை இடி இடித்தபோது, மூக்கம்மாள் கையிலிருந்து பிள்ளை அலறிக்கொண்டு ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டது. இவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற மூக்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அந்தக் குளிர்ச்சி நிற்கவில்லை. "உள்ள வா" என்று கூப்பிட்டாள். "இங்க பாரு, காதை இப்படிப் பொத்தணும். கை சூடா இருக்கணும். நீ வை." அடுத்த இடிக்கு மூக்கம்மாளின் கைகள்தான் பிள்ளையின் காதில் இருந்தன.

கார்த்திகையில் கிருபை அவளை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். சுப்புத்தாய் அதை முதலில் கேட்டது தண்ணீர்த் தொட்டியருகே. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தொட்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து குடத்தைத் தூக்கினாள்.

காய் எடுப்பு முடிந்தது. போடியில் சந்திரவல்லி இருந்த தெருவிலேயே மூக்கம்மாளுக்கு ஒரு சின்ன வீடும், ஏலக்காய் தரம் பிரிக்கிற கிட்டங்கியில் வேலையும் ஏற்பாடாயிற்று. ராசிங்காபுரத்தில் அவளுக்கு இப்போது யாரும் இல்லை. திருப்பதி மாடுகளை ஓட்டிப் போனான். பொதிகளுக்கு நடுவில் கம்பளியை மெத்தையாக மடித்துப் பிள்ளையை உட்கார வைத்தான். சுப்புத்தாய் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். எண்ணெய் தேய்த்தால் கண்ணில் படாமல் தேய்க்கவேண்டும், கத்திரிக்காய் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிக்கும், பொய்க்கோபம் போட்டால் உடனே கண்டுபிடித்துவிடும். மூக்கம்மாள் ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றாள்.

வாசலில் பிரியும்போது பிள்ளை கேட்டது: "நீ இருக்கலியா ஆத்தா?"

"மலையில சோலி கெடக்கு. உங்கப்பு வாராவாரம் மாடு ஓட்டிட்டு வருவாருல்ல, அவரோட வர்றேன்."

பிள்ளை மூக்கம்மாளின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. அழவில்லை. பழகிவிட்டது. தான் பழக்கியதுதான் என்று சுப்புத்தாய் நினைத்துக்கொண்டாள். திரும்பி நடக்கும்போது கால் பின்னியது. குரங்கணி தாண்டியும் அவள் அழுகை நிற்கவில்லை. திருப்பதி மாடுகளை மெதுவாக விட்டான். நெடுநேரம் கழித்து, "எனக்கும்தான்" என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான் என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

சொன்னபடி அவள் போனாள். மழை கனத்து வழி அடைந்த வாரங்கள் தவிர எப்போதும் போனாள். சித்திரையில் ஒரு தடவை, அவள் தெருமுனைக்கு வரும்போதே மூக்கம்மாள் எதிரே ஓடிவந்தாள்.

"அக்கா, நல்லவேளை வந்தீங்க. இவ பள்ளிக்கூடத்துல இன்னொரு பிள்ளையைக் கடிச்சு வச்சிருக்கா. எனக்கு அதட்டத் தெரியல. நான் சத்தம் போட்டாச் சிரிக்கிறா. நீங்க வந்து ரெண்டு போடு போடுங்க."

"நான் எதுக்குப் போடணும்? உம்மக, நீ போடு."

"இதுக்கு மட்டும் உங்க மக" என்றாள் மூக்கம்மாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டுக்குள் கிருபை மூலையில் உம்மென்று உட்கார்ந்திருந்தாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது. சுப்புத்தாய் வந்ததும் முகம் மலர்ந்தது, பிறகு விஷயம் நினைவுக்கு வந்து மறுபடி சுருங்கியது.

சுப்புத்தாய் அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னத்துக்குக் கடிச்சே? மொதல்ல இருந்து சொல்லு."

பிள்ளை சொல்ல ஆரம்பித்தது. பலகையில் தொடங்கி, யாரோ வைத்திருந்த புளியங்கொட்டைக்குப் போய், ஓடிப்போன ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லி, திரும்பப் பலகைக்கு வந்து, வழி தவறி வேறெங்கோ போனது. மூக்கம்மாள் அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் அமர்ந்தாள். சோறு வெந்து வடித்த பிறகும் கதை முடியவில்லை. சுப்புத்தாய் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை.